கேப்டன் ஓடவில்லை, அது லேக்

ஆயுத பூஜை அன்று மாலை நாலு மணி இருபது நிமிடத்துக்கு ஷாரோன் ‘பி ஷிஃப்ட் பாய்ஸ்’ வாட்ஸ்அப் குழுவை விட்டு விலகினாள். நேரம் எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், மாமா கன்னியப்பன் அந்தத் திரையைப் படமெடுத்து, அச்செடுத்து, கூடத்துச் சுவரில் ஒட்டிவைத்ததுதான். அவருடைய தொழிற்சாலையில் பழுதான பாகத்தின் படத்தை அப்படித்தான் ஒட்டுவார்கள்.

மாமா என்றால் என் அக்கா ஜெயலட்சுமியின் கணவர். வயது முப்பத்தாறு. ஒரகடத்தில் கார் இருக்கைகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பவர். தையலில் ஒரு நூல் விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். பன்னிரண்டு வருடமாக அதுதான் வேலை. நான் நாலு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல், பெட்டியைப் பிரிக்காமலே வல்லக்கோட்டையில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன்.

அந்த வீட்டில் வழி தவறுவது கடினம். கம்பெனியில் எந்தப் பொருளுக்கும் ஓர் இடம், அந்த இடத்துக்கு ஒரு பெயர் என்று ஒழுங்கு கற்றுத்தருவார்கள். பெரும்பாலானவர்கள் அதைக் கம்பெனி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். மாமா வீட்டுக்குக் கொண்டுவந்தார். வண்டி நிற்க மஞ்சள் கட்டம், செருப்புக்குச் சின்ன மஞ்சள் கட்டம். உப்பு டப்பாவில் ‘உப்பு’. அக்காவின் சாவி தொங்கும் ஆணிக்கு மேல் ‘ஜெயலட்சுமி – சாவி’. நான் வந்த மூன்றாம் நாள் என் பெட்டிக்கு அடியிலும் ஒரு மஞ்சள் கட்டம் முளைத்திருந்தது. கம்பெனி ஏலத்தில் எடுத்த ஓர் இரும்பு அலமாரி கூடத்து மூலையில் நின்றது. அதன் ஒவ்வொரு தட்டுக்கும் பெயர் உண்டு. கதவில், ‘வேலை முடிந்ததும் மூடவும்’.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு ஒழுங்கற்ற ஆசை இருந்தது. ஃபோனில் துப்பாக்கிச் சண்டை. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். கடைசிவரை உயிரோடு நிற்கும் குழு ஜெயிக்கும். நாலு பேர் ஒரு குழு. குண்டடிபட்டவன் உடனே சாகமாட்டான். மண்டியிட்டுத் தவழ்ந்துகொண்டிருப்பான். கூட்டாளி ஒருவன் பக்கத்தில் வந்து சில விநாடி உட்கார்ந்து அவனைத் தூக்கிவிட வேண்டும். அந்தச் சில விநாடியில் தூக்குகிறவனையும் சுடலாம் என்பதுதான் விளையாட்டின் சூட்சுமம்.

குழுவுக்கு மாமா கேப்டன். வயதில் மூத்தவர் என்பதால் கிடைத்த பதவி. ஷாரோன் அதே கம்பெனியில் இருக்கை தைக்கும் லைனில் இருந்தாள். இனியவன் கம்பெனி வேன் ஓட்டுகிறான். மோகன் மறைமலை நகரில் வேறொரு ஆலை. குழுவின் பெயரில் ‘பாய்ஸ்’ இருப்பதும் ஷாரோன் பெண் என்பதும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. மற்ற மூவரும் சேர்ந்து சுட்டு வீழ்த்துவதைவிட அவள் ஒருத்தி அதிகம் வீழ்த்துவாள்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி பதினொரு மணிக்கே விட்டுவிட்டது. ஒரகடம் சுற்றுவட்டார ஆலைக்காரர்கள் தங்களுக்குள் நடத்திய போட்டியின் அரையிறுதி அன்றைக்கு மூன்றரை மணிக்கு. மாமா ஃபோனுக்குப் பின்னால் சந்தனம் குங்குமம் வைத்துக் கூடத்தில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனி கொடுத்த பொரி தின்றுகொண்டிருந்தேன். இனியவனும் மோகனும் சீக்கிரமே செத்துப்போனார்கள். ஷாரோனும் மாமாவும் மிச்சம். எதிரிக் குழுவில் ஒரே ஒருவன். ஷாரோன் மேல் குண்டு பாய்ந்தது.

“கேப்டன், தூக்கு. மரத்தாண்ட தான் கீறேன்” என்று ஃபோனிலிருந்து அவள் குரல் வந்தது.

“தோ வரேன்.”

“எங்க வர? நீ அந்தாண்ட போற.”

“வந்துகினே கீறேன் ஷாரோன்.”

“கேப்டன், நான் உன்ன பாத்துகினு தான் கீறேன். உன் முதுவு தெரியுது.”

அவள் செத்தாள். அரை நிமிடத்தில் மாமாவும் ஒரு வீட்டுக்குப் பின்னால் செத்தார்.

“லேக்கு, ஷாரோன். ஃபுல் லேக்கு” என்றார் மாமா. நெட் திணறி ஆட்டம் பின்தங்குவதற்கு அப்படிப் பெயர்.

ஷாரோன், கோபமே இல்லாமல், பழுது எழுதுகிறவள் போலச் சொன்னாள். “லேக்கு வந்தா ஆளு நிக்கும் கேப்டன். நீ ஓடின.”

நாலு இருபதுக்கு விலகினாள்.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாவாம்?”

“அவளுக்கு நெட்டு பத்தி ஒன்னும் தெரியல” என்றார் மாமா.

“வூட்டுக்குள்ள பாம்பு வந்தப்ப என்ன உள்ள வச்சி வெளிய தாப்பா போட்டுகினு போனியே, அது இன்னா நெட்டு?”

“அது பாம்பு வெளிய வரக்கூடாதுன்னு போட்டது.”

“பாம்பு வரல. நானும் வரல.”

மாமா என் பக்கம் திரும்பினார். “மச்சினி, நீ படிச்சவ. பக்கத்துல தான் இருந்த. நீ சொல்லு, நான் ஓடுனனா?”

என் வாய் நிறையப் பொரி இருந்தது. அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை. தான் ஓடவில்லை, அது லேக் என்று ஷாரோனுக்கு நிரூபிக்க வேண்டும். போட்டி போய்விட்டது, அது பரவாயில்லை. குழுவில் அடுத்த ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் பரவாயில்லை. தினமும் லைனில் முப்பதடி தள்ளி உட்கார்ந்து தைக்கிற ஒரு பெண் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவள் தைத்ததில் தான் குற்றம் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒட்டும்போது அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கிறாளாம். “வேற ஒன்னும் சொல்றதில்ல மச்சினி. பாக்கறா.”

அவர் வாதத்திலும் ஒரு நியாயம் இருந்தது. லேக் என்றால் ஆள் நின்றுதான் ஆக வேண்டும் என்பதில்லை. நம் ஃபோனிலிருந்து ஒரு சேதி கிளம்பி விளையாட்டின் சர்வரைத் தொட்டுத் திரும்புகிற நேரத்துக்குப் பிங் என்று பெயர். நாற்பது ஐம்பது மில்லிவிநாடி என்றால் சுகம். நூற்றைம்பதைத் தாண்டினால் நம் திரையில் நடப்பது ஒன்று, அடுத்தவர் திரையில் தெரிவது வேறு. ‘என் திரையில் நான் மரத்தை நோக்கித்தான் ஓடினேன், உன் திரையில் அது வேறு மாதிரி தெரிந்தது’ என்று அவர் சொல்லலாம். அன்றைக்கு அவர் பிங் நூற்றெண்பதில் குதித்துக்கொண்டிருந்ததும் உண்மை.

கம்பெனியில் ஒரு பழுது வந்தால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு தாளே உண்டு. மாமா அதில் பரிசு வாங்கியவர். ஷாரோன் விலகிய படத்துக்குக் கீழே அந்தத் தாள் வந்தது.

ஏன் தூக்கவில்லை? லேக்.

ஏன் லேக்? பிங் 180.

ஏன் 180? சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது.

ஏன் சிங்கப்பூரில்? விளையாட்டுக் கம்பெனியின் முடிவு.

ஏன் அப்படி முடிவெடுத்தார்கள்? நம் கட்டுப்பாட்டில் இல்லை.

இந்தச் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை எந்த ஆலையில் எடுத்துப் பார்த்தாலும் ஐந்தாவது ஏன் இப்படித்தான் வேறொரு டிபார்ட்மெண்டின் வாசலில் போய் நிற்கும் என்று நினைக்கிறேன். முதல் ஏனிலேயே தன் பெயரை எழுதிக் கொடுத்தவருக்கு யாரும் பரிசு தந்ததாகத் தெரியவில்லை.

“மாமா, நீங்க எல்லா ஆட்டத்தையும் ரெக்கார்ட் பண்ணுவீங்களே, யூடியூபுக்கு” என்றேன். நாற்பத்து மூன்று பேர் பின்தொடரும் சேனல் அது. “ஆயுத பூஜை ஆட்டமும் இருக்குமே. உங்க திரையில நீங்க எந்தப் பக்கம் ஓடினீங்கன்னு அதுல தெரிஞ்சிடுமே.”

“ஸ்டோரேஜ் ஃபுல்லு மச்சினி. அன்னிக்கி ஆவல.”

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவர் முதல் நாள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. பழுதான பாகத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் தாளை எழுதாதே. அதை அவருக்கு நினைவூட்ட எனக்கு ஆசை. விருந்தாளி என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் இனியவன் ஒரு நல்ல சேதியோடு வந்தான். அவன் தண்டலத்தில் இருக்கிறான். அவனுக்கும் பிங் நூற்றறுபது. யாரோ சொன்னார்கள் என்று ஃபோனில் ஒரு வி.பி.என். போட்டு, அதில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். எண்பத்தைந்துக்கு இறங்கிவிட்டது. வி.பி.என். என்றால், நம் ஃபோன் நேராகச் சர்வருக்குப் போகாமல் வேறோர் ஊரிலிருக்கும் கணினி வழியாகப் போவது. போகிற ஊரை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

மாமாவுக்குக் கண் கலங்காத குறை. “பாத்தியா மச்சினி? மூலகாரணம் ரூட்டு. எழுதனனா இல்லியா?”

அன்று மாலையே போட்டார். இலவச வி.பி.என். பிங் நூற்றெண்பதிலிருந்து இருநூற்றுப் பத்துக்குப் போனது. வேறொன்று போட்டார். இருநூற்று நாற்பது. மூன்றாவதில் இலவசமாகக் கிடைத்தது நெதர்லாந்து மட்டும். சிங்கப்பூரில் இருக்கும் சர்வருக்கு வல்லக்கோட்டையிலிருந்து நெதர்லாந்து வழியாகப் போனார். நானூறு. அவருடைய வீரன் அந்த வாரம் முழுக்கத் தீவில் சிலை போல நின்றான். ஒருவன் வந்து அவனைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக ஒரே குண்டில் சுட்டுவிட்டுப் போனான்.

நான் பஸ்ஸிலும் கப்பலிலும் நாலு வருடம் தேய்ந்து பார்த்ததை மாமா கட்டைவிரலில் பத்து நாளில் பார்த்துவிட்டார். ஃபோனில் டச்சு மொழியில் சைக்கிள் விளம்பரம் வந்தது. கேஸ் தீர்ந்த அன்று அவர் ஃபோனில் சிலிண்டர் புக் பண்ணப் போன அக்காவுக்கு, உங்கள் நாட்டில் இந்தச் சேவை கிடையாது என்று பதில் வந்தது.

“எந்த நாட்டுல குடித்தனம் வச்சிகிற நீ?” என்றாள் அக்கா.

“வி.பி.என். ஆஃப் பண்ண மறந்துட்டேன். குடு.”

“அந்தூர்லயே போயி சோறு துன்னு.”

வி.பி.என். மேல் அவருக்கு நம்பிக்கை குறையவே இல்லை. குறைந்தால் மிச்சம் இருப்பது ஷாரோன் சொன்னது மட்டும். காசு கட்டிய வி.பி.என். வேண்டும், அதுதான் குறை என்று தாளில் ஆறாவதாக ஒரு வரி சேர்த்தார். ஐந்து ஏன்தானே மாமா என்று கேட்டதற்கு, ஸ்பெஷல் கேஸ் என்றார். இந்த வி.பி.என். புராணம் இனியவனின் வேனில் ஏறி, ஷாரோன் தைக்கும் லைன் வரை போய்ச் சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இனியவன் வந்தபோது அவனிடம் நியாயம் கேட்டார். “ஒரே கேமு, ஒரே வி.பி.என்னு. உனக்கு எறங்குது, எனக்கு ஏறுது. இன்னாடா கணக்கு இது?”

இனியவன் காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தான். “ண்ணா, ஒரகடம் ஜங்ஷன் ஜாம் ஆச்சின்னா நான் வேன இன்னா பண்ணுவேன்? வல்லக்கோட்டை உள்ரோட்ல உடுவேன். சுத்து தான், ஆனா சீக்கிரம் பூடலாம். ஜாம் இல்லாத அன்னிக்கி உள்ரோட்ல உட்டா?”

“லேட்டாவும்.”

“அவ்ளோ தான் ண்ணா. எங்க தண்டலத்து நெட்டுக்காரன் ஊரெல்லாம் சுத்தி உடறான், அதான் எனக்கு வி.பி.என்னு ரைட்டா போச்சி. உனக்கு ஜாமு ரோட்ல இல்லன்னு நெனக்கிறேன். வேனு கேட்டத் தாண்டியே வர்ல.”

“எந்தக் கேட்டு?”

“வூட்டு கேட்டு ண்ணா. ரௌட்டரு எங்க கீது?”

மாமா பெருமையோடு இரும்பு அலமாரியைக் காட்டினார். மூன்றாவது தட்டு. ‘இணையம்’ என்று பெயர் ஒட்டி, ஒயரைப் பின்பக்கம் துளை போட்டு உள்ளே விட்டு, மஞ்சள் கட்டத்துக்குள் ரௌட்டர் உட்கார்ந்திருந்தது. தூசு படாது, பல்லி ஏறாது. கதவு மூடியிருந்தது. நாலு பக்கமும் கம்பெனித் தரத்தில் இரும்புத் தகடு.

இனியவன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. வேன் ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பயிற்சி உண்டு.

“அத தொறந்து வச்சா நல்லா வருமே” என்று சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள்.

“இன்னா?”

“நான் சீரியல் பாக்க சொல்லோ தொறந்து தான் வச்சிக்குவேன். மூடனா சுத்திகினே இருக்கும். முடிஞ்சதும் மூடிடுவேன். அதான் எழுதி ஒட்டிகிறியே.”

“எத்தினி நாளா?”

“பொட்டி வந்ததுலேந்து. ரெண்டு வருசம்.”

“ஏன் சொல்லல?”

“ஏன் ஏன்னு செவுத்தாண்ட கேட்டுகினு இருந்த. என்னாண்ட எப்ப கேட்ட?”

ரௌட்டரை வெளியே எடுத்து அலமாரி மேல் வைத்தார்கள். பிங் நாற்பத்து நாலு. வி.பி.என்னை நிறுத்திய பிறகு எடுத்த அளவு. மாமா அதைப் படமெடுத்தார். ஷாரோனுக்கு அனுப்பப் போனவரை இனியவன் தடுத்தான். “இரு ண்ணா. ஒரு ஆட்டம் ஆடிட்டு அனுப்பு. அந்த மாதிரியே ஒரு சீனு வந்து, நீ தூக்கிக் காட்டனா தான் மதிப்பு.”

அது நல்ல யோசனைதான். நல்ல யோசனைகளில் ஒரு ஆபத்து இருக்கிறது.

இனியவன் அங்கேயே உட்கார்ந்து ஆட, மோகன் மறைமலை நகரிலிருந்து சேர்ந்துகொண்டான். ஷாரோன் இடத்தில் யாரோ ஓர் அந்நியனை விளையாட்டே சேர்த்துவிட்டது. அவன் இறங்கியதும் செத்தான். கால் மணி நேரத்தில் மோகனும். பிறகு ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இனியவன் மேல் குண்டு பாய்ந்து அவன் மண்டியிட்டான். மாமா இருபதடி தூரத்தில். எதிரி ஒருவன், மாடியில்.

“கேப்டன், தூக்கு” என்றான் இனியவன். ஒரே கூடத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

நான் மாமாவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் மூலையில் பச்சை நிறத்தில் நாற்பத்து நாலு. அவருடைய வீரன் தொட்டியை நோக்கி மூன்றடி வைத்தான். மாடியிலிருந்து ஒரு குண்டு மண்ணில் பாய்ந்து தூசு கிளம்பியது. மாமாவின் இடது கட்டைவிரல் கீழே வந்தது. வீரன் வழுவழுவென்று, ஒரு துளி திணறல் இல்லாமல், எதிர்ப்பக்கம் திரும்பி ஓடினான். பக்கத்து வீட்டுக்குள் புகுந்தான், கதவைச் சாத்தினான், குளியலறைக்குள் போய் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டான். இவ்வளவு தெளிவான படத்தை அந்த ஃபோனில் நான் அதுவரை பார்த்ததில்லை.

இனியவன் செத்துவிட்டான். அவன் திரும்பி மாமாவின் முகத்தைப் பார்த்தான். இரக்கமுள்ள பையன். “இன்னா ண்ணா, மறுபடி லேக்கா?” என்று அவனே எடுத்துக் கொடுத்தான்.

மாமா குளியலறையில் படுத்திருந்த தன் வீரனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் சூடு, கைவேர்வை, கண்ணாடிப் பவர் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக முகத்தில் வந்து போவதை என்னால் பார்க்க முடிந்தது. எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

“இல்லடா” என்றார்.

இனியவன் கிளம்பிப் போனபின், ஃபோனில் எதையோ தேடி எடுத்து என் முன்னால் வைத்தார். ஆயுத பூஜை ஆட்டத்தின் ரெக்கார்டிங். ஸ்டோரேஜ் ஃபுல் ஆகவில்லை. இருவரும் பார்த்தோம். நூற்றெண்பதில் படம் விட்டுவிட்டு வந்தது. வீரன் இங்கே நின்று அங்கே தோன்றினான். லேக் இருந்தது, சந்தேகமில்லை. அந்த லேக்கிலும் அவன் போன திசை ஒன்றுதான். ஷாரோன் இருந்த மரத்துக்கு நேர் எதிர்.

“நீ பாத்த இல்ல அன்னிக்கே?” என்றார்.

“பாத்தேன் மாமா.”

“பொரி துன்னுகினு இருந்த.”

“ஆமா.”

எழுந்து போய் சுவரிலிருந்த தாளில் முதல் ஏனுக்கு எதிரே ‘லேக்’ என்றிருந்ததை அடித்தார். புதிதாக எதுவும் எழுதவில்லை. அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துத் தாளின் மேல் ஒட்டினார். பிறகு ரெக்கார்டிங்கை ஷாரோனுக்கு அனுப்பி, கீழே ஒரு வரி எழுதினார். ‘ஓடிட்டேன். லேக் இல்ல.’

இரண்டு டிக் விழுந்தது. நீலமானது. பதில் வரவில்லை.

மறுநாள் லைனில் அவளைப் பார்த்தாராம். தையல் சரியாக இருந்ததால் ஸ்டிக்கர் ஒட்ட வாய்ப்பில்லை, அவளும் நிமிரவில்லை. கார்த்திகை முடிவதற்குள் அவள் வேலையை விட்டு ஓசூரில் ஒரு ஆலைக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். மாமா விளையாட்டை விடவில்லை. கேப்டன் பதவியை மட்டும் இனியவனிடம் கொடுத்துவிட்டார். இப்போதும் ஓடுகிறார். ஓடும்போது, “ஓட்றேன்டா” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். குழுவுக்கு அது பெரிய உதவி என்கிறான் இனியவன்.

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டது. எல்லோர் கையிலும் ஃபோன். டவர் மூச்சுத் திணறி, காலையில் அனுப்பியதெல்லாம் மத்தியானம் வந்துகொண்டிருந்தது. நானும் மாமாவும் மோர்ப் பந்தல் பக்கம் நின்றிருந்தபோது அவர் ஃபோன் அதிர்ந்தது. பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். ஷாரோன். காலை ஒன்பது மணிக்கு அனுப்பியது.

“கேப்டன், இங்க ஹாஸ்டல்ல நான் ஒரு டீம் வச்சிருக்கேன். நான் தான் கேப்டன். நேத்து ஒரு பொண்ணு தூக்குன்னு கத்துச்சி, நான் ஓடிட்டேன். லேக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். அந்த வி.பி.என். பேரு இன்னா?”